நடுவில் உள்ளதை மட்டும் சொல்

பத்தூமியில் பிப்ரவரி.
கடலோர ஓட்டல்கள் இழுத்து மூடியிருக்கின்றன.
ஆளில்லாத ஒன்றின் கருத்தரங்க அறையில்
பதினான்கு மேலாளர்கள், ஒரு காபிக் குடுவை,
திபிலீசியிலிருந்து வந்த பயிற்சியாளர் லெவான்.

எனக்குப் பதவி வந்து நாற்பது நாள்.
அதற்குமுன் பதினோரு வருடம்
சலவை ஆலையின் நீராவி இஸ்திரியில்
விரிப்பின் இடதுமுனை நான்,
வலதுமுனை ஜுஜுனா.

முதல் நாள், ஆட்களை நடத்துவது.
குறை சொல்லுமுன் ஒரு பாராட்டு வை,
சொன்னபின் இன்னொன்று வை என்றார் லெவான்.
இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் கசப்பு.
மீன் பண்ணை மேலாளர் துர்மிஷ்கானிடம்
மூன்று முறை சொல்லிப் பழகினேன்.
மூன்று முறையும் அவர்
நெகிழ்ந்து நன்றி சொன்னார்.
குறை அவர் காதில் விழவேயில்லை.

இரண்டாம் நாள், கணக்கு.
லாபம் வேறு, கையிலுள்ள காசு வேறு.
இதைச் சொல்ல லெவானுக்கு
அரை நாளும் ஒன்பது படங்களும் தேவைப்பட்டன.
ஆகஸ்டில் மலையாய்க் குவிந்த விரிப்புகள்
ஏட்டில் லாபமாக மடிந்து கிடக்க
பிப்ரவரியில் சோப்புத்தூளுக்குக்
கடன் சொல்லி நின்றதை நினைத்துக்கொண்டேன்.
உலர்த்தும் எந்திரத்துக்குத்
தேய்மானம் என்றொரு வரி இருக்கிறது,
வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு.
மேசைக்கடியில் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
அதற்கு வரி இல்லை.
தரவேண்டியதையெல்லாம் எழுதும் பக்கத்துக்குத் தலைப்பு
பொறுப்புகள்.
யார் வைத்த பெயரோ.

மூன்றாம் நாள், தலைமை.
ஈரப்பனி கொட்டி மின்சாரம் போய்விட்டது.
சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஜுஜுனாவைக் கூப்பிட்டேன்.
ஒரே மாதத்தில் ஒன்பது நாள் தாமதம்.
'உன் மடிப்புபோல யாருக்கும் வராது' என்று
ஆரம்பித்தேன்.
அவள் கையைத் தூக்கினாள்.
'மக்வாலா, ரொட்டியை நீயே வைத்துக்கொள்.
நடுவில் உள்ளதை மட்டும் சொல்.'

சொன்னேன்.
'முதல் பஸ்ஸை நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள்.
டிசம்பர் முழுக்க நீயும் என்னோடு நடந்துதானே வந்தாய்?
அப்போதும் தாமதம்தான்.
எழுதி வைக்கத்தான் ஆளில்லை.'

ஷிஃப்டை அரை மணி தள்ளி வைத்தேன்.
பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான்.
அதற்கு நாற்பது நாள் ஆகியிருக்கிறது.

எழுந்தவளை உட்காரச் சொல்லி
வரவு செலவுத் தாளைத் திருப்பி வைத்தேன்.
இதை லெவான் சொல்லித்தரவில்லை.
மே வரை தாங்காது என்றேன்.
இரண்டு பேரை நிறுத்த வேண்டி வரலாம் என்றேன்.
ரொட்டி எதுவும் வைக்கவில்லை.

அவள் கண்ணாடியை முன்றானைத் துணியில் துடைத்தாள்.
சுவரில் இஸ்திரி உறுமுவது மட்டும் கேட்டது.
வெடிப்போடிய விரல் ஒன்று
வரிவரியாய் இறங்கி நின்றது.
'இந்த நீலக் கட்டட ஓட்டல்காரன்
செப்டம்பர் பாக்கியே இன்னும் தரவில்லையா?
நம் சம்பளத்திலிருந்து அவனுக்கு
வட்டியில்லாக் கடனா கொடுக்கிறோம்?'

மறுநாள் இருவரும் போனோம்.
டெலிவரி நோட்டு அவள் கக்கத்தில்.
கணக்காளர் காபி தந்தார்.
உங்கள் வெண்மைக்கு ஈடில்லை என்றார்.
இந்த வருடம் நிலைமை சரியில்லை என்றார்.
உங்களைப் போல நேரம் தவறாதவர்கள் யார் என்றார்.
ஜுஜுனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் சிரிக்காமலிருக்க
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
பிறகு நோட்டைப் பிரித்தோம்,
பெரிய விரிப்பைப் பிரிப்பதுபோல,
ஆளுக்கொரு முனையில்.

பாதி அன்றே வந்தது.
மீதி ஈஸ்டருக்குப் பின் என்கிறார்கள்.

திரும்பும்போது என் காரில்தான் வந்தாள்.
அந்தக் கதவை இரண்டு தடவை
அடித்துச் சாத்தவேண்டும் என்றேன்.
வேறெதுவும் பேசவில்லை.
மே மாதக் கட்டத்தில்
இரண்டு பெயர் ஒன்றாகியிருக்கிறது.
அதை இன்னும் எழுதவில்லை,
பென்சிலால்கூட.